கட்டிலில் படுத்தபடி நடை திரும்பாது

தென்காசி மாவட்டத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது. ஊரில் நெடுநாளாகத் தையற்கடை வைத்திருந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் செயலிழந்தன. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். இப்போது யாராவது பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் நடக்கிறார். இடது கால் தரையில் அரைவட்டம் போட்டபடி வருகிறது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது, விரல்கள் மூடியே இருக்கின்றன. இரவில் தோள்வலி அவரைத் தூங்கவிடுவதில்லை.

ஒரு பிசியோதெரபிஸ்ட் நாள்தோறும் வீட்டுக்கு வருகிறார். அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து, கை காலில் பட்டை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட் வைக்கிறார். பிறகு பத்து நிமிடம் கையையும் காலையும் மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். ஒரு நாளைக்கு 400 ரூபாய், மாதம் 12,000. பல் தேய்ப்பதிலிருந்து குளிப்பாட்டுவது வரை மற்ற எல்லாவற்றையும் அம்மாவே செய்கிறார். அவருக்கு இடுப்புவலி வந்துவிட்டது. சித்தப்பா உத்தரத்தில் கயிறும் கப்பியும் கட்டிக்கொடுத்து, "கையைத் தூக்கித் தூக்கிப் பழகு" என்று சொல்லியிருக்கிறார். ரப்பர் பந்தும் வாங்கியாகிவிட்டது. உறவினர்களில் ஒரு பகுதியினர் எண்ணெய் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். இன்னொரு பகுதியினர் புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள். "மூன்று மாதத்துக்குள் வந்ததுதான் வரும்" என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அப்பா பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை, திடீர் திடீரென்று அழுகிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "தானாகச் சாப்பிட்டால் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறார். வேண்டுமென்றே செய்வதுபோல் இருக்கிறது, அதனால் அம்மா ஊட்டிவிடுகிறார்."

கேள்விகள் நான்கு: காலம் கடந்துவிட்டதா? கரண்டா, எண்ணெயா? பணம் கட்டுப்படியாகவில்லை, பிசியோதெரபியை நிறுத்தலாமா? அப்பா மறுபடியும் தைப்பாரா?

அன்புள்ள வாசகிக்கு,

காலம் கடந்துவிடவில்லை. இதை உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. மூளையின் வீக்கம் வடிந்து, ரத்த ஓட்டம் குறைந்ததால் வேலை நிறுத்தியிருந்த பகுதிகள் மறுபடி இயங்கத் தொடங்கும் காலம் அது. பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான எக்ஸைட் என்ற ஆய்வில் 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள், அதாவது உங்கள் அப்பா இன்று இருக்கும் கட்டத்தில் இருந்தவர்கள். அவர்களில் இரண்டு வாரம் தீவிரமான கைப்பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிடத் தெளிவாகத் தேறியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேற்றம் நிலைத்திருந்தது. பழையபடி முழுக்க ஆகிவிடுவார் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பார்க்காமல் யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் இன்றைய நிலைதான் கடைசி நிலை என்று எடுத்துக்கொள்வது தவறு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இதுவரை உங்கள் வீட்டில் நடந்ததைப் பயிற்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பா படுத்திருக்கிறார், அவருடைய உடம்புக்கு யாரோ எதையோ செய்கிறார்கள். அவர் எதுவும் செய்யவில்லை. சிகிச்சை பலிக்காத காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கரண்ட் வைப்பது என்ன செய்யும், என்ன செய்யாது

கையில் "நரம்பு செத்துவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பாவின் கையில் உள்ள நரம்புகளும் தசைகளும் கெட்டுப்போகவில்லை. சேதம் மூளையில். கையை நகர்த்தும் ஆணையை உருவாக்கி அனுப்பும் இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள் ஏற்றுக்கொள்ள முடியும். ஆனால் அவர் முயன்று, தவறி, மறுபடி முயன்றால்தான் அது நடக்கும். அப்பா தையல் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். மெஷினில் உட்கார்ந்து, கோணலாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்துத்தான் பழகியிருப்பார். வேறொருவர் அவர் கையைப் பிடித்து ஆட்டியதால் தையல் வந்திருக்காது. நடையும் கைவேலையும் அப்படித்தான் திரும்புகின்றன.

கரண்ட் வைக்கும்போது தசை சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். விரல் அசையும். வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் அந்த அசைவுக்கான ஆணை பெட்டியிலிருந்து வந்தது, மூளையிலிருந்து வரவில்லை. மெஷினே வீண் என்று சொல்லவில்லை. தோள்மூட்டு இறங்கியிருந்தால் அதைத் தாங்கும் தசைகளுக்கு ஆரம்ப மாதங்களில் கரண்ட் வைப்பது உதவும். மணிக்கட்டை மேலே தூக்க அப்பா முயலும் அதே நொடியில் கரண்ட் கொடுத்தால் அந்த முயற்சிக்குத் துணை கிடைக்கும். நடக்கும்போது பாதம் தரையில் இழுபடாமல் தூக்கிக்கொடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் ஓடும்போது அப்பா என்ன செய்துகொண்டிருக்கிறார்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால், அந்த இருபது நிமிடத்தில் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

வருகிற பிசியோதெரபிஸ்ட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளெல்லாம் வீடு வீடாகப் போகிறவர்களின் நெருக்கடி எனக்குத் தெரியும். மெஷினை எடுக்காவிட்டால் "இன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லையே" என்று கேட்கும் குடும்பங்கள்தான் அதிகம். எழுந்து நிற்கச் சொன்னால் "பாவம், கஷ்டப்படுத்தாதீர்கள்" என்கிறார்கள். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எங்களுக்கு மெஷின் வேண்டாம், அப்பா எழுந்து நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பலருடைய வேலை அதன் பிறகு மாறிவிடும்.

தட்டில் மீதமிருந்த அந்தப் பாதி

உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. மீதம் வைத்தது தட்டின் எந்தப் பாதி? இன்று கவனித்துப் பாருங்கள். இடப்பாதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அப்பா அடம்பிடிக்கவில்லை. மூளையின் வலப்பக்கத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போய்விடும். கண் பார்க்கும், ஆனால் இடப்பக்கம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே எழாது. தட்டின் வலப்பாதியைச் சாப்பிட்டு முடித்ததும் அவரைப் பொறுத்தவரை தட்டு காலி. பசிக்கிறது என்று அவர் சொல்வதும் உண்மைதான்.

வேறு அடையாளங்களும் இருக்கும். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வார். முகச்சவரம் செய்தால் இடது கன்னத்தை விட்டுவிடுவார். இடது கை சக்கர நாற்காலிக்கு வெளியே தொங்கினாலும் தெரியாது. இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். ஒரு சோதனை செய்து பாருங்கள். நீளமான காகிதத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு, அதன் நடுப்புள்ளியைத் தையல் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். கண்ணளவிலேயே துணியைச் சரிபாதியாக்கிப் பழகியவர் நடுவை விட்டு நன்றாக வலப்பக்கம் தள்ளிக் குறித்தால், பிரச்சினை இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். உறுதிப்படுத்துவது மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் செய்ய வேண்டிய வேலை. இடப்பக்கப் பார்வைப்புலமே குறைந்திருந்தாலும் இதேபோல் தோன்றும் என்பதால் கண் பரிசோதனையும் தேவை.

இது தெரியாமல் நடைப்பயிற்சி கொடுப்பது ஆபத்து. கால் பலம் வந்த பிறகும் இவர்கள் கீழே விழுவதற்கு இதுவே காரணமாகிவிடும். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். "சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கள்" என்று ஒவ்வொரு வேளையும் சொல்லுங்கள். ஊட்டுவதை நிறுத்துங்கள், அவருடைய வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. பேசும்போது அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள். தண்ணீர்ச் செம்பையும் கண்ணாடியையும் இடப்பக்கம் வையுங்கள். ஆரம்பத்தில் அவரால் திரும்பவே முடியாவிட்டால், எதிரே நின்று அவர் கண்ணைப் பிடித்து, மெல்ல நீங்கள் இடப்பக்கம் நகர்ந்து அவர் பார்வையைக் கூட்டிப்போங்கள். அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று நான்கு மாதமாக நினைத்து மனம் நொந்தவருக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும்.

இன்றே நிறுத்த வேண்டியவை

உத்தரத்துக் கயிற்றையும் கப்பியையும் கழற்றிவிடுங்கள். சித்தப்பா அன்பில் செய்தது, மனம் நோகாமல் சொல்லுங்கள். தோளில் உருண்டையான எலும்புமுனை ஆழமில்லாத ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள். அவை பலமிழந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். தோளின் மேல் எலும்புக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தட்டுப்படலாம். அந்த நிலையில் நல்ல கையால் கயிற்றை இழுத்து இடது கையை மேலே தூக்கும்போது, தோள்பட்டை எலும்பு கூடச் சுழலாமல் நடுவில் உள்ள தசைநார்கள் நசுங்குகின்றன. பக்கவாதத் தோளுக்குக் கப்பிப் பயிற்சி வலியை உண்டாக்கும் என்பது எங்கள் பிசியோதெரபித் துறையில் பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. அப்பாவின் இரவு வலிக்கு இது ஒரு காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அதேபோல், அவரை எழுப்பும்போது இடது கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்காமல் மேசை மீதோ தலையணை மீதோ இருக்கட்டும். படுக்கும்போது இடது தோளுக்கும் கைக்கும் கீழே தலையணை கொடுங்கள். ரப்பர் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். விரல்கள் ஏற்கெனவே இறுக மூடியிருக்கின்றன. அவருக்கு வராதது திறப்பது. மூடுவதையே நாள் முழுவதும் பழக்குவதில் பயனில்லை. விரல் இறுக்கம் நாளுக்கு நாள் கூடினால் நரம்பியல் மருத்துவரையோ உடலியக்க மறுவாழ்வு மருத்துவரையோ பாருங்கள். இறுக்கத்தைக் குறைக்க மாத்திரைகளும், குறிப்பிட்ட தசையில் போடும் போட்டுலினம் ஊசியும் உண்டு. ஊசியின் பலன் சில மாதங்களே இருக்கும். அந்த மாதங்களுக்குள் பயிற்சியைத் தீவிரப்படுத்தினால்தான் போட்டதற்கு அர்த்தம்.

எண்ணெயைப் பற்றி: மெதுவாகத் தடவிவிடுவதில் தீங்கில்லை, இதமாக இருக்கும், தோலுக்கும் நல்லது. இறுகிய தசையை மிதித்தும் முறுக்கியும் பிடித்துவிடுவது வேண்டாம். சூடான ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இன்னொரு ஊரில் மண்டலக் கணக்கில் தங்கவைத்து, ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும் இடமானால் அங்கே போகாதீர்கள். அந்த மாத்திரைகள்தான் அடுத்த பக்கவாதத்தைத் தள்ளிவைத்திருக்கின்றன. முகம் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது என்று எது புதிதாக வந்தாலும் 108ஐ அழையுங்கள்; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். புறா ரத்தத்தால் கை கால் வராது. ஒரு பறவையைக் கொன்று பூசி நாட்களை இழக்க வேண்டாம்.

அரை மணி நேரம் போதாது

பிசியோதெரபிஸ்ட்டின் முக்கியமான வேலை கையை மடக்கி நீட்டுவது அல்ல. மூட்டு இறுகாமல் இருக்க அது தேவைதான், ஆனால் ஒரு முறை சரியாகக் கற்றுக்கொண்டால் நீங்களே செய்யலாம். அவரால் மட்டும் முடிவது வேறு. அப்பாவை ஆராய்ந்து எது பலவீனம், எது இறுக்கம், எது உணர்ச்சிக் குறைவு, எது கவனக் குறைவு என்று பிரித்தறிவது. அவரால் பாதி முடிந்து பாதி முடியாத ஒரு வேலையைத் தேர்ந்து கொடுப்பது. தவறான வழியில் உடம்பு பழகாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலை எளிதானதும் அடுத்த படிக்கு ஏற்றுவது. இதற்கு அளவு வேண்டும். பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி, அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார், பெர்க் சமநிலை அளவுகோலில் 56க்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைத்து, மாதத்துக்கு ஒரு முறையாவது திரும்ப அளக்க வேண்டும். நான்கு மாதத்தில் உங்கள் வீட்டில் ஒரு காகிதம்கூட எழுதப்படவில்லை என்றால், எது பயன்பட்டது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மிச்ச நேரம் உங்கள் கையில் இருக்கிறது. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓர் அமர்வில் நோயாளி பாதித்த கையைப் பயன்பாட்டு வேலைக்காக அசைத்தது சராசரியாக 32 முறை என்று தெரிந்தது. மூளை மாறுவதை விலங்குகளில் காட்டிய சோதனைகளில் ஒரு நாளைக்குச் சில நூறு முறை பயிற்சி நடந்தது. நல்ல மையங்களிலேயே இந்த நிலை என்றால், உங்கள் அப்பா காலை முதல் இரவு வரை செய்யும் ஒவ்வொரு காரியமும் பயிற்சியாக வேண்டும்.

எழுந்து உட்காருவதை எடுத்துக்கொள்வோம். கையில்லாத உறுதியான நாற்காலி, சுவரோரம் நகராமல் போட்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் மேலே ஒரு கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், தரையில் முழுதாகப் பதிந்திருக்கட்டும். இடது பாதம் வலது பாதத்தைவிட அரைச் சாண் பின்னால் இருந்தால் எடை இடது காலுக்குப் போகும். இல்லாவிட்டால் வலது காலே எல்லாவற்றையும் செய்துவிடும். விரல்களைக் கோத்து, இரு கைகளையும் முன்னால் நீட்டி, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை குனிந்து எழ வேண்டும். பெரும்பாலோர் குனியப் பயந்து நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் சாய்வார்கள். நீங்கள் அவருக்கு இடப்பக்கம் நின்று, ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்து, உங்கள் முழங்காலால் அவருடைய இடது முழங்கால் மடங்காமல் தாங்குங்கள். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து. சாப்பாட்டுக்கு முன், டீக்கு முன், கழிப்பறைக்குப் போகும்போது என்று பிரித்துக்கொண்டால் நாளுக்கு ஐம்பது முறை வந்துவிடும். எளிதானதும் மெத்தையை எடுத்துவிடலாம். தொடங்கும் முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, முதல் சில முறை தெரபிஸ்ட் முன்னிலையில் செய்யுங்கள்.

கைத்தடி வலது கையில். முதலில் தடி, பிறகு இடது கால், பிறகு வலது கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கால் அரைவட்டம் போடுவதற்குக் காரணம் முழங்கால் மடங்காததும் பாதம் தொங்குவதும். "நேராக வை, நேராக வை" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அது நேராகாது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கியை அளவெடுத்துச் செய்து ஷூவுக்குள் போட்டால் நடை அன்றைக்கே மாறுவதைப் பார்க்கலாம்.

"அப்படியானால் நாங்களே செய்துகொள்கிறோம், தெரபிஸ்ட்டை நிறுத்திவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். இந்தக் கேள்வியை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017இல் அட்டெண்ட் என்ற பெயரில் முடிவு வெளியானது: ஆறு மாதத்தில் அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட மேலான நிலையில் இல்லை. குடும்பம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கண்டறிந்து, அளந்து, படியேற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் அன்பை மட்டும் நம்பி நடத்தினால் போதாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாள்தோறும் அரை மணிக்குப் பதில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முழுதாக ஒரு மணி நேரம் வரச் சொல்லிக் கேளுங்கள். மற்ற நாட்களுக்கான பயிற்சியை எழுதி வாங்குங்கள். பிசியோதெரபி இளநிலைப் பட்டம் பெற்றவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பு அது. கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

அழுகையும் ஒத்துழையாமையும்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது மன உறுதி இல்லாததால் வருவதல்ல, மூளையில் ஏற்பட்ட காயமும் அதில் பங்கு வகிக்கிறது. காரணமில்லாமல் சட்டென்று அழுகை வந்து சட்டென்று நிற்பதும் காயத்தின் விளைவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். சோர்வு தீராமல் பயிற்சிக்கு வா என்று அதட்டுவது பலிக்காது. அவருக்கு எது வேண்டும் என்றும் கேளுங்கள். கை வர வேண்டும், கால் வர வேண்டும் என்ற பொத்தாம்பொதுவான இலக்கு யாரையும் எழுந்து உட்காரவைக்காது. தனியாகக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும், சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும், முக்குக் கடையில் டீ குடிக்க வேண்டும் என்று அவர் வாயால் ஒன்று வரட்டும். அதிலிருந்து பயிற்சியை அமைப்பது தெரபிஸ்ட்டின் பொறுப்பு.

மறுபடி தைப்பாரா?

இடது கையில் மணிக்கட்டும் விரல்களும் துளியாவது தானாக மேலே எழுகின்றனவா என்பதைப் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். மேசையில் முன்கையை வைத்து, மணிக்கட்டு ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி விட்டு, தூக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் எழுந்தாலும், முதலில் சொன்ன எக்ஸைட் ஆய்வில் கொடுத்த பயிற்சிக்கு அவர் பொருத்தமாக இருக்கக்கூடும். அதில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையாலேயே வேலை செய்யவைப்பார்கள். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இது. முயன்று முயன்று தோற்ற கையை உடம்பு ஒதுக்கிவிடுகிறது, பிறகு ஓரளவு திறன் திரும்பினாலும் பயன்படுத்துவதில்லை என்பது அவர் கண்டது. ஆனால் நிற்கத் தடுமாறுகிறவருக்கு நல்ல கையைக் கட்டிவிட்டால் விழுந்துவிடுவார். வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

எதுவுமே எழவில்லை என்றால், இடது கை நுணுக்கமான வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு. அதை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அப்போதும் அந்தக் கையைத் துணியின் மேல் வைத்து நகராமல் பிடிக்கும் கையாகப் பழக்கலாம். அளவெடுப்பது, குறிப்பது, பொத்தான் தைப்பது என்று பிரித்து, எது முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அப்பாவின் விஷயத்தில் கையைவிட இடப்பக்கக் கவனம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஊசிக்கு இடப்பக்கம் தன் விரல் இருக்கிறது என்பது நினைவில் இல்லாதவரை மெஷினில் உட்காரவைக்கக் கூடாது. கத்தரிக்கோலும் வேண்டாம். கவனம் தேறிய பிறகு முதலில் சாக்பீஸும் அளவு நாடாவும், அதற்கடுத்து ஒட்டுத்துணியில் கைத்தையல், கடைசியில்தான் மெஷின்.

பணமும் உரிமையும்

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, கொடுப்பதும் அடங்கும், கட்டணம் கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். விவரத்துக்கு 104ஐ அழைக்கலாம். நாள்தோறும் வரமாட்டார்கள். ஆனால் ஆராய்ந்து திட்டம் எழுதித்தர அவர்களைக் கேட்கலாம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் அதே திட்டத்தில் வீடு தேடி வரும். மாவட்ட அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டோ பிடித்துப் போவதும் நல்ல வழி. வீட்டை விட்டு வெளியே வருவதே அவருக்கு ஒரு பயிற்சி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் இயக்கக் குறைபாடு இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி உண்டு. பக்கவாதம் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் பொதுவாக மதிப்பிடுவார்கள். எனவே இப்போதே டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முறையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தாங்கி, சக்கர நாற்காலி போன்றவற்றை அங்கே கேளுங்கள். மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டமும் அந்தத் துறையில் இருக்கிறது. வயது வரம்பு உண்டு, அப்பா அதற்குள் வருகிறாரா என்று விசாரியுங்கள். சான்றிதழ் வாங்கினால் "ஊனமுற்றவர் என்று முத்திரை விழுந்துவிடும்" என்று வீட்டில் தயங்குவார்கள். அதற்காக உதவிகளை விடாதீர்கள். பிறகு நிலை தேறினால் மறுமதிப்பீடும் உண்டு.

அம்மாவின் இடுப்பையும் அதே தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அப்பாவைத் தூக்குவதை அவர் இனி நிறுத்த வேண்டும். அப்பா தானே எழப் பழகப் பழக அந்த வலியும் குறையத் தொடங்கும்.